நாகவல்லி தமிழில்தான் அழுதாள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டு முடித்து அம்மை, நான், என் மகள் மூன்று பேரும் உட்கார்ந்து ‘மணிச்சித்திரத்தாழ்’ பார்த்தோம். 1993-இல் வந்த மலையாளப் படம். எனக்கு எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை, மகளுக்கு இதுதான் முதல் தடவை. சின்ன வயதில் நெஞ்சில் தூக்கி வைத்திருந்த படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கும்போது ஒரு பயம் வரும், அது இப்போது நிற்குமா, இல்லை அங்கங்கே முகம் திருப்ப வேண்டி வருமா என்று.

பெரும்பாலும் நின்றது. நாயகி கங்கா வெளியே கிளம்பி நிற்க, கணவன் நகுலன் இப்போது போக வேண்டாம் என்று சொல்வானே, அந்த இடம். மலையாளம் பேசிக்கொண்டிருந்தவள் கண் மாறி, குரல் இறங்கி, எப்போதோ செத்துப்போன நாகவல்லியாகவே மாறித் தமிழுக்குப் போய், கட்டிலை ஒரு கையால் தூக்கும்போது என் மகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு கிராபிக்ஸும் கிடையாது. ஷோபனாவின் முகமும் ஒரு குரலும் மட்டும்தான். அந்தத் தமிழ்க் குரல் டப்பிங் கலைஞர் துர்காவுடையது என்பதை இயக்குநர் பாசில் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். இத்தனை காலம் அந்தப் பெயர் வெளியே வராமல் போனதே என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரி நெருக்கம். சில காட்சிகள் எடுத்தது பத்மநாபபுரம் அரண்மனையில். அது இருப்பது தக்கலைக்குப் பக்கம், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆனால் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அரண்மனை மட்டும் அவர்கள் கையில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் நடந்தது உள்ளங்காலில் இன்னும் இருக்கிறது. முட்டை வெள்ளையும் எரித்த சிரட்டையும் சேர்த்துப் போட்ட தரை என்று சொல்வார்கள், அவ்வளவு குளிர்ச்சி.

திருவனந்தபுரம் போனால் நாங்கள் ‘பாண்டி’, சென்னை போனால் வாயைத் திறந்ததும் ‘மலையாளியா?’ என்பார்கள். அதனால் பழைய படங்களைத் திரும்பப் பார்க்கையில் பக்கத்து மொழிக்காரரை அதில் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் போகும். அந்தக் கால மலையாளப் படங்களில் தமிழன் என்றால் அழுக்குக் கைலியோடு ஒரு கூலிக்காரன், இல்லையென்றால் மீசை வைத்த ரவுடி. நம் படங்கள் மட்டும் என்ன யோக்கியம், மலையாளி என்றால் டீக்கடை நாயர், மலையாளத்துப் பெண் என்றால் முண்டும் ரவிக்கையும் போட்டு ஒரு கெட்ட சிரிப்பு. இவற்றில் பலதை இப்போது ஐந்து நிமிடம் பார்க்க முடிவதில்லை எனக்கு.

நாகவல்லி அப்படி இல்லை. தஞ்சாவூரிலிருந்து அந்த வீட்டுக் காரணவர், குடும்பத் தலைவர், கொண்டுவந்து அடைத்து வைத்த நாட்டியக்காரி, காதலித்தவன் எதிர் வீட்டில் இருக்கிறான், கடைசியில் கொலையாகிறாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதைத் தமிழிலேயே பேச விட்டார்கள். பாட்டில் வரும் தமிழ் வரிகளை வாலியிடம் எழுதி வாங்கினார்கள். மலையாளம் மட்டும் தெரிந்த ஜனம் கூட்டம் கூட்டமாக வந்து அந்தத் தமிழை மனப்பாடம் செய்துகொண்டு போனது. அப்புறம் 2005-இல் இதே கதை ‘சந்திரமுகி’யாகத் தமிழில் வந்தபோது அவள் தெலுங்குக்காரி ஆனாள். எந்த மொழியில் எடுத்தாலும் பேய்க்குப் பக்கத்து ஊர் மொழி! மலையாளத்தில் மோகன்லால் வருவதற்கே வெகு நேரம் ஆகும், ரஜினி சண்டையோடு ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறார். அதோடு அது அந்தப் பெண்ணின் கதையாக இல்லாமல் போய்விட்டது. ஜோதிகா எவ்வளவோ உழைத்திருக்கிறார், ஆனாலும் எனக்கு மனசு ஒட்டவில்லை.

சரி, நிற்காத இடத்தையும் சொல்ல வேண்டும். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று வாழ்க்கை முறிந்து வீட்டுக்கு வந்த ஸ்ரீதேவியை, நகுலனின் உறவுப் பெண்ணை, கங்காவுக்குத் தன் நோய் தெரியக் கூடாது என்பதற்காக நோயாளி என்று சொல்லி அறையில் பூட்டுகிறார் மோகன்லால் நடிக்கும் மனநல வைத்தியர் சன்னி. கடைசியில் அவளைக் கல்யாணம் செய்யக் கேட்டால் அது சரியாகிவிடுமா? மகள்தான் இதைக் கேட்டாள், என்னிடம் பதில் இல்லை.

அதைவிடக் குதிரவட்டம் பப்பு வரும் காட்சிகள். பயத்தில் புத்தி பிசகிப்போய், தரையில் இல்லாத தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடப்பார். பெரிய நடிகர், உடம்பு முழுக்கத் தாளம், தியேட்டரே உருண்டு சிரித்த இடம். ஆனால் மனநோய் பேய் இல்லை, வைத்தியம் உண்டு என்று சொல்ல வந்த படம் அது. கங்காவுக்கு அவ்வளவு பரிவு காட்டிவிட்டு இந்த மனுஷனை மட்டும் சிரிப்புக்கு விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் படத்தை அந்தக் காலத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். என் மாமாவுக்கு, அம்மையின் தம்பிக்கு, புத்தி சரியில்லாமல் இருந்தது. நடக்கும்போது நின்று நின்று, கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நடப்பார், தெருப் பிள்ளைகள் பின்னாலேயே போவார்கள். பப்பு துள்ளுகிற காட்சி வந்ததும் அம்மை எழுந்து அடுக்களைக்குப் போனாள். காப்பி போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன், உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்புப் பற்ற வைக்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தாள். “எனக்கு அந்த எடம் அப்பவே பிடிக்காது பிள்ளே” என்றாள். அப்பவே என்றால், 1993-இல். தியேட்டரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்த அன்றைக்கு.