தெருவுக்குள் எதற்கு ஐம்பது?

நேற்று சாயங்காலம் மறுபடியும் அதே கதை. எதிர்வீட்டுப் பையன் பந்தை எடுக்க ஓடுகிறான், திருப்பத்திலிருந்து ஒரு பைக் பாய்ந்து வருகிறது, கிறீச்சென்று பிரேக் சத்தம், அப்புறம் பைக்காரர் பையனைத் திட்டுகிறார், பையனின் பாட்டியும் ஓடிவந்து பையனையேதான் திட்டுகிறார். "பாத்துப் போகக்கூடாதாடா?" பைக்காரரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான்.

வளசரவாக்கத்தில் ஆற்காடு சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறோம். மெட்ரோ வேலைக்காக மெயின் ரோட்டில் தடுப்பு வைத்ததிலிருந்து, மேப் காட்டுகிறது என்று ஊரே உள்ளே புகுந்து போகிறது. சரி, அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன, சாலிகிராமம் பக்கம் போனால் நானும் அதைத்தான் செய்கிறேன்.

முன்பு ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. புது ரோடு கேட்டு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். போட்டார்கள், மழுமழுவென்று. அடுத்த வாரத்திலிருந்தே தண்ணி லாரி முதல் ஸ்கூல் வேன் வரை எல்லாம் பறக்க ஆரம்பித்தன. அந்தப் பள்ளங்கள் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு இன்றுவரை ஆள் போடவில்லை.

ஸ்பீட் பிரேக்கர் கேட்டோம். மிச்சத் தாரைக் கொட்டி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மேடு எழுப்பிவிட்டுப் போனார்கள். பெயின்ட் இல்லை, போர்டு இல்லை. மூன்றாம் நாள் இருட்டில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு அம்மா தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டு உடைந்தது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் அளவு தெளிவாக இருக்கிறது: 10 செ.மீ. உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். அதாவது வண்டி சரிவாக ஏறி இறங்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் போனால் இடுப்பு வலிக்கக்கூடாது. எங்கள் மேட்டை டேப் வைத்து அளந்தேன், அகலம் ஒரு முழம்கூட இல்லை. பைக்காரர்கள் சாக்கடை ஓரத்து இடைவெளியில் வளைந்து போய்விடுகிறார்கள், வேகமும் குறைவதில்லை. மாட்டிக்கொள்வது புதிதாக வருகிறவர்தான்.

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரிலேயே குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கி.மீ. என்று அறிவித்துவிட்டது. எங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன், அகலமாக, நேராக, வழுக்கிக்கொண்டு போகிற ரோட்டைப் போட்டுவிட்டு 30-ல் போ என்றால் யார் கை கேட்கும்?

கணக்குப் பாருங்கள். 30-ல் போகிற வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டர் போகும், 50-ல் 14 மீட்டர். எங்கள் தெருவில் 14 மீட்டர் என்றால் இரண்டு வீடு. பையனைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் இரண்டு வீடு தாண்டிவிடும். இடித்தால் அந்த அடியின் பலமும் 30-ல் இருப்பதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இவ்வளவுக்கும் எதை மிச்சம் பிடிக்கிறார்கள்? தெரு மொத்தமே 400 மீட்டர். 50-ல் போனால் 29 விநாடி, 30-ல் போனால் 48. பத்தொன்பது விநாடி! மெயின் ரோடு சிக்னலில் அதைப்போல நாலு மடங்கு நின்றுவிட்டுத்தான் வருகிறார்கள்.

மார்கழியில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டுக்கு வீடு பாதித் தெருவை அடைத்துக் கோலம் போட்டு, நடுவில் சாணியில் பூசணிப்பூ வைத்திருப்பார்கள். அந்தக் காலை நேரத்தில் அதே பைக்காரர்தான் ஒதுங்கி, வளைந்து, மெதுவாகப் போகிறார். யாரும் அபராதம் போடவில்லை, இங்கே ஆள் வாழ்கிறார்கள் என்று தரை சொல்கிறது, அவ்வளவுதான். நெதர்லாந்தில் 1970-களில் குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பொறுக்காமல் ஜனங்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நடப்பவருக்கே முதல் உரிமை என்று குடியிருப்புத் தெருக்களுக்கு 1976-ல் சட்டமே வந்தது. அங்கே தெருவையே வளைத்து, மரம் வைத்து, வண்டி நேராகப் பாய முடியாதபடி செய்தார்கள்.

நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். தெருமுனையில் இரண்டு பக்கமும் நடைபாதையை நீட்டி வாயைக் குறுக்கினால் போதும், திரும்பும்போதே வேகம் செத்துவிடும். தண்ணி லாரியும் ஆம்புலன்ஸும் தாராளமாக நுழையலாம். நடுவில் முறையான அளவில் இரண்டு மேடு, வெள்ளைப் பட்டையோடு. குடியிருப்போர் சங்கத்தில் சிலர் கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, பூட்டினால் அந்த வண்டியெல்லாம் பக்கத்துத் தெருப் பையன் மேல்தானே போகும்.

ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம். இந்தத் தடவை மனுவில் "வேகத்தடை வேண்டும்" என்று மட்டும் எழுதவில்லை, 3.7 மீட்டர் என்று எழுதியிருக்கிறேன். டேப்பும் கொண்டு வருகிறேன்.