கால்வாய் லாக்கில் தண்ணீரைத் திறந்துவிடும் அந்த ஷட்டரை இறக்கிவிட்டுப் போக அரை நிமிடம் ஆகுமா?

அரை நிமிடம். அதற்கு மேல் ஆகாது. ஷட்டரைச் சுற்றி ஏற்றி இறக்கும் கைப்பிடி, வின்ட்லஸ், ஏற்கெனவே கையில்தான் இருக்கிறது, லாக் (படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கால்வாயில் இரு முனையிலும் கதவு வைத்துக் கட்டிய தொட்டி) ஓரத்தில்தான் நிற்கிறீர்கள், ஷட்டர் முழுக்க இறங்கிவிட்டதா என்று ஒரு பார்வை, இறங்கவில்லை என்றால் இன்னும் நாலு சுற்று. அதைக்கூடச் செய்யாமல் போன யாரோ ஒருவரால் செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலேமுக்காலுக்கு என் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. நாலு நாள் ஆகிவிட்டது, இன்னும் எனக்கு ஆறவில்லை.

இங்கிலாந்தில் பெர்க்காம்ஸ்டெட் பக்கம், கிராண்ட் யூனியன் கால்வாயில், இரண்டு லாக்குகளுக்கு நடுவே கட்டியிருந்தேன். அப்படி இரண்டு லாக்குக்கு நடுவே இருக்கும் நீர்ப்பகுதிக்குப் பெயர் பவுண்ட். ‘அவ்வளவு சின்ன பவுண்டில் ஏன் ராத்தங்கினாய்?’ என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நவம்பர் மாதம், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இருட்டில் தனியாளாக லாக் இறங்க எனக்குத் துணிச்சல் கிடையாது. ஸ்டேஷன் கால்வாயை ஒட்டியே இருக்கிறது, காலையில் ரயில் பிடிக்க வசதி. கட்டலாம் என்று விட்டிருக்கும் இடத்தில்தான் கட்டினேன். என் மேல் தப்பில்லை.

தூக்கத்தில் உருண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டுதான் விழித்தேன். ஒரு நிமிடம் எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. காலை ஊன்றினால் தரை தரையாக இல்லை, ஓட்டுக்கூரை மேல் நிற்கிற மாதிரி சரிகிறது. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டு தட்டு, டம்ளர், மிளகாய்த்தூள் டப்பா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. அப்புறம்தான் அந்தச் சத்தம். எவர்சில்வர் தூக்கு மரத்தரையில் உருளும் சத்தம்.

குளிர்காலத்தில் படகில் இட்லி மாவு புளிக்க ஒரே இடம் கரி அடுப்புப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை உளுந்து ஊறப்போட்டு, என்ஜினை ஓட்டி, இன்வெர்ட்டரில் மிக்ஸி போட்டு, நாலு தவணையாக அரைத்த மாவு. முதல் நாள் ராத்திரி அது அசையவே இல்லை. திங்கள் ராத்திரி அடுப்பங்கரைச் செங்கல் மேல் தூக்கை நகர்த்தி வைத்து, துண்டு சுற்றிவிட்டுப் படுத்தேன். நன்றாகப் பொங்கியிருந்தது. எப்படித் தெரியும் என்றால், டார்ச் வெளிச்சத்தில் நுரை நுரையாக, குமிழ் உடைய உடைய, தரையின் சரிவில் அது மெதுவாக இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சுவரோரம் போய், பலகை இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. அடியில் பில்ஜ், அதாவது தரைப்பலகைக்குக் கீழே இருக்கும் படகின் அடிப்பள்ளம். கையும் போகாது, துணியும் போகாது. இந்த வரியை எழுதும்போதுகூடப் படகு முழுக்கப் புளித்த வாடைதான்.

மாவு போனால் போகட்டும். பக்கத்திலேயே அடுப்புக்குள் கனன்றுகொண்டிருந்த கரி அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்திருந்தால்? முழுக்க மரப்பலகை அடித்த 57 அடி இரும்புப் பெட்டி, உள்ளே தூங்கும் ஒரு ஆள், முன்பக்கம் இரண்டு கேஸ் சிலிண்டர். ஷட்டரை அப்படியே விட்டுப் போனவருக்கு இது ஒரு நொடியாவது மனசில் வந்திருக்குமா?

பக்கவாட்டுக் கதவு இறுகிப்போய்விட்டது. முன்கதவை மேல்நோக்கித் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்து டார்ச் அடித்தால், கால்வாயில் தண்ணீர் இல்லை. நடுவில் மட்டும் வயல் வாய்க்கால் அளவுக்கு ஏதோ ஓடுகிறது, மற்றதெல்லாம் கருப்புச் சேறு, அதில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு சைக்கிள், ஓரத்தில் துள்ளிக்கொண்டிருக்கும் பொடி மீன்கள். படகின் ஒரு பக்கம் கரையோரக் கல் திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது, மறுபக்கம் நடுக்கால்வாயை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. முன்கயிறு படகின் பாரத்தையெல்லாம் தாங்கி, விரல் வைத்தால் கம்பி மாதிரி விண்ணென்று நின்றது. பின்பக்க முளை மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. முன்கயிற்றைத் தளர்த்தினால் படகு இன்னும் சரியுமோ என்று பயம், தளர்த்தாவிட்டால் கயிறு அறுந்து மூஞ்சியில் அடிக்குமோ என்று பயம். தளர்த்தினேன். ஒரு சாண் சரிந்து ‘தொம்’ என்று நின்றது. அந்த ஒரு சாணில் என் உயிர் போய் வந்தது.

அப்புறம் வின்ட்லஸை எடுத்துக்கொண்டு கீழ் லாக்குக்கு ஓடினேன். போகும்போதே காதில் விழுந்தது, தண்ணீர் கொட்டும் சத்தம். கீழ்க்கதவு இரண்டும் விரியத் திறந்து கிடக்கின்றன. மேல்பக்க ஷட்டரில், கிரீஸ் பூசிய பல்லுக் கம்பி ஒரு சாண் மேலே தூக்கியபடி நிற்கிறது. கொக்கி பல்லில் மாட்டியே இருக்கிறது. அதாவது இறக்க ஆரம்பித்து, பாதியில் விட்டு, கொக்கியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்! தானாகத் தூக்கிக்கொள்ளாது அது. விஷமிப் பயல்கள் வேலையாகவும் இருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தொல்லைக்காகத்தான் சில ஊர்களில் ஷட்டருக்குத் தனிப் பூட்டே போட்டு வைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் 14 அடி அகல லாக்கின் கதவு இரண்டையும் ராத்திரியில் விரியத் திறந்து போட்டது படகில் போனவர்தான். மாலை இருட்டும் நேரத்தில், கட்டிக்கிடக்கும் படகுகளைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்காமல், என் படகு தூக்கித் தூக்கிப் போட, யாரோ போனதை நான் ஜன்னலில் பார்த்தேன். முகம் தெரியவில்லை, படகின் பெயரும் தெரியவில்லை. தெரியாததே நல்லது.

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தாத்தா காலத்தில் ராத்திரி மடையை யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் விடிந்ததும் வீட்டு வாசலில் ஊரே நிற்கும். பாசனத் தண்ணீரைக் கவனிக்கும் நீர்க்கட்டி ஒவ்வொரு மடையாக நடந்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். தண்ணீர் எல்லோருடையது என்பது அங்கே பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம் அல்ல, பயமாகவே இருந்தது. இங்கே அந்தப் பயம் கொஞ்சம்கூட இல்லாத ஆட்கள் கையில் வின்ட்லஸ்.

கிராண்ட் யூனியனில் ஒரு லாக் நிறைய, ஏறத்தாழ இரண்டரை லட்சம் லிட்டர் வேண்டும். அந்தத் தண்ணீர் சும்மா வரவில்லை. டிரிங் பக்கம் கால்வாய் ஏறி நிற்கும் உச்சிப் பகுதிக்கு வில்ஸ்டன், மார்ஸ்வொர்த் என்று ஏரிகள் கட்டி, டிரிங்ஃபோர்டில் பம்ப் வைத்து மேலே ஏற்றி, அங்கிருந்துதான் இந்தப் பக்கம் லாக் லாக்காக இறங்கி வருகிறது. 2025 கோடையில் லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் தண்ணீர் இல்லாமல் வரிசையாக லாக்குகளைப் பூட்டிப் போட்டார்கள், படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. அதைப் பார்த்த பிறகும் ஒரு பவுண்ட் தண்ணீரை ராத்திரி முழுக்க வீணாக ஓடவிட எப்படி மனசு வருகிறது? இந்தக் கால்வாய்களின் அடியில் இருப்பது பிசைந்து மிதித்த களிமண். அது நனைந்தே இருக்க வேண்டும். காய்ந்து வெடித்தால் அப்புறம் கசிவு, கசிவை அடைக்க மறுபடி கால்வாயை மூடு என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஷட்டரை இறக்கினேன், கதவுகளைச் சாத்தினேன். இனி மேலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். மேல் பவுண்டில் ஒரு பெரியவர் படகு. அவரைக் கேட்காமல் இறக்கினால் அவர் படகும் தரைதட்டும். காலை ஐந்தரைக்கு, கூச்சத்தோடு, அவர் கூரையைத் தட்டினேன். ஒரு வார்த்தை கோபப்படவில்லை. பைஜாமா மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, தன் வின்ட்லஸோடு வந்துவிட்டார். ஒரு லாக் தண்ணீர் நிரப்பு, கீழே விடு, அவர் படகுப் பக்கம் மட்டம் எவ்வளவு இறங்கியது பார், மறுபடி நிரப்பு. இப்படியே மூன்று மணி நேரம். நடுவில் என்னை அவர் திருப்பி அனுப்பினார்: ‘சாய்ந்த பக்கத்தில் இருக்கும் ஓட்டைகளை முதலில் அடை, படகு திட்டில் ஒட்டிக்கொண்டு கிளம்பாவிட்டால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.’ நல்லவேளை. சிங்க்கின் கழிவுக்குழாய் வெளியே வரும் இடம் சேற்றுக்கு நாலு விரல் மேலேதான் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து அதில் திணித்துவிட்டு, தண்ணீர் அந்தக் கிழிசலைத் தொடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொட்டது. மூடியது. அப்புறம் படகு ஒரு முனகலோடு கல்லிலிருந்து விடுபட்டு நிமிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரயில் போச்சு, காலை மீட்டிங் போச்சு. வெளிச்சம் வந்ததும் படகின் பக்கவாட்டைப் பார்த்தேன். ஜூலையில் படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றி, நாலு நாள் துருவைச் சுரண்டி, நானே மூன்று கோட் தார் அடித்தேன். இரண்டு மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை என்று இருந்தேன். இப்போது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு கை நீளத்துக்கு, வெள்ளையாக இரும்பு தெரிகிறது. அதுவே அப்படி என்றால் அடியில் கல்லில் தேய்ந்த இடம் எப்படி இருக்குமோ! வருடத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் லைசென்ஸ், நாலு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், கரி, டீசல். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்கிறேன். யாரோ ஒருவரின் ஒரு சாண் அலட்சியத்துக்கு நான் எந்தச் சான்றிதழ் வாங்குவது?

தரையைத் துடைத்துத் துடைத்துத் தண்ணீர் டேங்க் காலியாகிவிட்டது. சரி, பிடித்து வரலாம் என்று இன்று காலை குழாயடிக்குப் போனால், அங்கே ஒருவர் படகைக் கட்டி, பூட்டிவிட்டு, கடைக்குப் போயிருக்கிறார். குழாயில் அவர் ஹோஸ்கூட மாட்டவில்லை. ‘தண்ணீர் பிடிக்க மட்டும்’ என்று ஆளுயரத்துக்குப் பலகை இருக்கிறது, அதற்கு நேர் கீழே கட்டியிருக்கிறார்! ஐம்பது நிமிடம் நடுக்கால்வாயில் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு கையிலும் பையோடு வந்தார், கை ஆட்டினார், சிரித்தார். உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்ஜின் ஓட்டக்கூடாது, அதற்குள் அரைத்தாக வேண்டும். டேங்க் இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது.