இலையில் கம்பி மாட்டினால் செடி பாடிவிடுமா?

தாவரவியல் பூங்காவில் வைத்துப் பிள்ளைகளை வரையவும் இசையமைக்கவும் சொன்ன ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். கூட்டமெல்லாம் ஒரே மேசையைச் சுற்றித்தான். இலையில் இரண்டு கிளிப், அதிலிருந்து ஒரு பெட்டி, ஸ்பீக்கர். "செடி பாடுது!" என்று ஒரே குதூகலம்.

எனக்கு ஒட்டவில்லை. இலையின் மின்கடத்தலில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை அந்தப் பெட்டி ஸ்வரமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். எந்த ஸ்வரம், எந்த வாத்தியம் என்பதெல்லாம் பெட்டியைச் செய்தவர் முடிவு. அதே கிளிப்பை நம் விரலில் மாட்டினாலும் ஏதாவது வாசிக்கும். விளையாட்டு என்றால் சரி, செடியின் குரல் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

வெளியே கத்தரிப் பாத்தி ஓரம் ஒரு பையன் போனை நீட்டியபடி குந்தியிருந்தான். கத்தரிப் பூவில் மகரந்தம் பைக்குள் அடைபட்டுக் கிடக்கும், நுனியில் சின்னத் துளைதான் வழி. கறுப்பாக, பெரிதாக இருக்குமே அந்தத் தச்சுத்தேனீ, அது வந்து பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அடிக்காமலே பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். மகரந்தம் பொடிப்பொடியாகக் கொட்டும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் அந்த நொடியில் சட்டென்று சுருதி ஏறும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. பையனுக்கு இதெல்லாம் தெரியாது. "அங்கிள், பூவில உக்காந்ததும் சத்தம் மாறுது" என்றான். காது இருக்கிறது அவனுக்கு!

ஓவியப் பக்கம் ஒரு பெண் பூச்சி அரித்த இலையை வரைந்துகொண்டிருந்தாள். ஓட்டையைத்தான் முதலில் போட்டாள். "நல்ல இலையா பாத்து வரையேன்மா" என்றார் பொறுப்பாளர். அவள் தலையை ஆட்டிவிட்டு ஓட்டையின் விளிம்புக்குப் பழுப்பு தீட்டினாள். மரியான் நார்த் என்ற ஆங்கிலேய ஓவியர் ஊர் ஊராகப் போய்ச் செடிகளை அவை வளரும் இடத்திலேயே வரைந்தார். லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய கூடத்தில் 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரை அடுக்குகிறார், வெறும் பெயர்களே சந்தமாகிவிடுகின்றன. பூங்காவின் பெயர்ப்பலகைகளை வைத்து யாராவது ஒரு பாட்டுக் கட்டக்கூடாதா?

கிளம்பும்போது பையன் பதிவை ஓட்டிக் காட்டினான். நாலே விநாடி. நடுவில் தோட்டக்காரர் குழாய் திறக்கும் சத்தம். "வெட்டிடவா?" என்றான். இருக்கட்டும் என்றேன்.