கழற்ற மனமில்லாவிட்டால் கம்பியைத் தொடாதீர்கள்

வண்டியில் பெட்ரோல் ஊற்றும் குழாய்க்குள் ஏதோ சிக்கிக்கொண்டது என்று சொன்னால் போதும், ஆளாளுக்குக் கையில் கம்பியோடு வந்துவிடுகிறார்கள். துணி மாட்டும் ஹேங்கரை நிமிர்த்திக்கொண்டு ஒருவர், காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு இன்னொருவர். கை கூப்பிக் கேட்கிறேன், குத்தாதீர்கள். நீங்கள் குத்தக் குத்த அந்தப் பொருள் இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் செலவு செய்யப்போவது வண்டிக்காரன்தான்.

நடந்தது இதுதான். சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்பார்க்கில் இரவு நிறுத்தியிருந்த என் வேனில் எவனோ பெட்ரோல் திருடப் பார்த்திருக்கிறான். பெட்ரோல் மூடிக்கு வெளியே இருக்கும் சின்னக் கதவை நெம்பி, மூடியை உடைத்து, ரப்பர் குழாயை உள்ளே விட்டிருக்கிறான். குழாய் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வரை அறுத்து எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மிச்சம் உள்ளேயே கிடந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து 95 ரகப் பெட்ரோலுக்கு வரி மட்டுமே லிட்டருக்கு 66 காசு, 98க்கு 79 காசு. இந்த ஊரில் பெட்ரோலைத் திருட ஆள் வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. போலீசில் புகார் கொடுத்துவிட்டேன். திருடன் மேல் இருந்த கோபம் அன்றைக்கே பாதி அடங்கிவிட்டது. அதற்கப்புறம் உதவ வந்தவர்கள் மேல் வந்த கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

அந்த வேன் எனக்குச் சோறு போடுகிற வண்டி. விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, தேக்காவிலும் (லிட்டில் இந்தியா) அக்கம்பக்கத்திலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட வேண்டும். கடைக்காரர்கள் அடுப்பு பற்றவைப்பதற்குள் வெங்காயம் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாள் வேறு ஆளுக்கு ஃபோன் போய்விடும். அதனால் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம் என்று பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன். பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் டக்கென்று நிற்கிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி டக். அதன் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதன் வழியாகக் காற்று போய்க்கொண்டிருக்கும் வரைதான் பெட்ரோல் வரும். டேங்க் நிரம்பி பெட்ரோல் அந்த ஓட்டையை மூடினால் தானாக நின்றுவிடும். குழாயில் அடைப்பு இருந்தால் ஊற்றியது கீழே போகாமல் தேங்கி அந்த ஓட்டையை மூடுகிறது. டேங்க் காலியாக இருந்தாலும் அதற்கு நிறைந்துவிட்டதாகத்தான் கணக்கு. சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில் அண்ணன் மகள் நிச்சயதார்த்தம். குடும்பத்தோடு வேனில் போவதாகப் பேச்சு. சிங்கப்பூர் வண்டி உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகள் வழியாக வெளியே போக வேண்டுமானால் டேங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். 1989இல் பாதி டேங்க் என்று ஆரம்பித்து 1991இல் முக்காலாக்கிய சட்டம் இது. முள் கால் டேங்கில் நிற்கிற வண்டியை எப்படிக் கொண்டுபோவது? அம்மாவைப் பேருந்து வரிசையில் நிற்கவைத்துத்தான் கூட்டிப்போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். எவனோ ஒருவன் விட்டுப்போன ரப்பர் துண்டுக்காக.

சரி, அறிவுரைகளுக்கு வருகிறேன்.

"வீட்டில் வேக்கும் கிளீனர் இருக்கிறதா அண்ணே, உறிஞ்சி எடுத்துவிடலாம்." இதைச் சொன்னவர் நல்ல மனிதர், பக்கத்து புளோக், அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் இது உயிர் போகிற யோசனை. அந்த மோட்டார் ஓடும்போது உள்ளே பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கக்கூடியது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து கிடக்கும். அதை உறிஞ்சிப் பொறி பறக்கிற மோட்டாருக்குள் அனுப்பச் சொல்கிறார், அதுவும் தலைக்கு மேல் பல தளம் இருக்கிற கார்பார்க்கில்! நம் வெயிலுக்கு அந்த ஆவி எவ்வளவு கிளம்பும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டார்.

"உள்ளே தள்ளிவிடு, மிதந்துகொண்டு கிடக்கும், ஒன்றும் ஆகாது." இது இன்னொரு தம்பி. மிதக்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ அளவுதான் எடை. தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக்கூடப் பெட்ரோலில் மூழ்கிவிடும், ரப்பரைச் சொல்லவே வேண்டாம். போய் டேங்க் அடியில் உட்காரும். அங்கேதான் பெட்ரோல் பம்ப் இருக்கிறது, அதன் வாயில் வலை வடிகட்டி இருக்கிறது. சாதாரண ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பும், இளகும், பிய்ந்து துகள் துகளாக வரும். அந்தத் துகள் வலையை அடைத்து விரைவுச்சாலை நடுவில் வண்டி நின்றால் இந்தத் தம்பி வந்து தள்ளுவாரா?

காந்தம் கொண்டுவந்தவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, உள்ளே இருப்பது ரப்பர். காந்தம் எதைப் பிடிக்கும்?" பல வண்டிகளில் அந்தக் குழாயே இரும்பு. காந்தம் குழாய்ச் சுவரைத்தான் பிடிக்கும். அப்புறம் காந்தத்தை எடுக்க இன்னொரு ஆளைத் தேட வேண்டியதுதான்.

இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். தொழில் தெரியாதவர்கள். தொழில் தெரிந்தவர்கள் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறை. போனவுடன், நான் சொல்லி முடிப்பதற்குள், பையன் ஒரு கொக்கிக் கம்பியை எடுத்து உள்ளே விட்டுவிட்டான். பதறிப்போய் நிறுத்தச் சொன்னேன். "பாஸ், டோன்ட் வொரி" என்கிறான். அவன் விடுவதற்கு முன் டார்ச் அடித்தால் குழாய்த் துண்டின் நுனி கண்ணுக்குத் தெரிந்தது. அவன் கை எடுத்த பிறகு தெரியவில்லை. முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "முழுசா மாத்தணும்" என்றார். ஊற்றும் குழாய் புதுசு, டேங்க்கை இறக்கிக் கழுவணும், பம்ப்பையும் பார்க்கணும். பல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உதிரிபாகம் வரும்வரை வண்டி அங்கேயே கிடக்க வேண்டும். குழாயைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டால், "கழற்றினாலும் மாத்தத்தான் வேணும்" என்று பதில். பார்க்காமலே எப்படித் தெரியும்? காப்பீட்டில் கேட்கலாமே என்கிறார். இழப்பீடு கேட்காமல் இருந்தால் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி வர்த்தக வண்டிக்கு உச்சமே 20 விழுக்காடு. வருடக்கணக்காகக் கவனமாக ஓட்டிச் சேர்த்ததை ஒரு ரப்பர் துண்டுக்காக இழக்க வேண்டுமா?

இந்த இடத்தில் அந்தக் குழாயின் அமைப்பைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தப்பு முழுவதும் இங்கேதான் நடக்கிறது. மூடியைத் திறந்தால் முதலில் ஒரு குறுகிய ஓட்டை. டீசல் துப்பாக்கி பெட்ரோல் வண்டிக்குள் போகாமலிருக்க அந்த அளவில் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கதவு. அது கீழ்நோக்கி மட்டும்தான் திறக்கும். எலிப்பொறி வாசல் மாதிரி, உள்ளே போகிறதைத் தடுக்காது, வெளியே வருவதைக் கவ்விப் பிடிக்கும். ரப்பர் குழாயை மேலே இழுக்க இழுக்க அந்தக் கதவின் விளிம்பு ரப்பரில் இன்னும் ஆழமாகப் பதியும். திருடன் இழுத்தபோது வராததற்குக் காரணம் அதுதான். பட்டறைப் பையனின் கொக்கிக்கு வராததற்கும் அதுவே காரணம். கதவுக்கு மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பொருள் கிடந்தால் நீள மூக்குக் குறடால் மெதுவாக எடுக்கலாம், மறுக்கவில்லை. கதவு கவ்விய பொருளை மேலே இழுப்பது வீண் வேலை. அது கதவு திறக்கிற திசையில், கீழ்ப்பக்கமாகத்தான் வர வேண்டும். அதற்குக் குழாயைக் கழற்ற வேண்டும். வேறு வழியே கிடையாது.

கழற்றுவது பெரிய வித்தையா என்றால் அதுவும் இல்லை. சின் மிங் பக்கம் ஒரு சீனப் பெரியவர் எனக்கு முன்னாலேயே செய்து காட்டினார். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை எடுத்தார். குழாய் முழுவதும் கண்முன் தெரிந்தது. வாய்ப்பக்கம் சில போல்ட், டேங்க் பக்கம் ரப்பர் இணைப்பில் ஒரு கிளிப், பக்கத்தில் ஓடும் மெல்லிய காற்றுக்குழாயில் இன்னொரு கிளிப், வண்டியின் உடலோடு சேர்க்கும் ஒரு தரை ஒயர். டேங்க் வாயைத் துணியால் மூடிவிட்டு, குழாயைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பார்த்தார். அடிப்பக்கம் ரப்பர் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கதவை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கமாக இழுத்தார். வந்துவிட்டது. அதற்கப்புறமும் அவர் அவசரப்படவில்லை. துண்டின் இரண்டு முனையையும் டார்ச் அடித்துப் பார்த்தார், பிய்ந்த துண்டு எதுவும் டேங்க்குக்குள் போய்விட்டதா என்று. மாட்டும்போது அந்தத் தரை ஒயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினார். பெட்ரோல் பாயும்போது நிலைமின்சாரம் சேராமலிருக்க அது வேண்டும், நிறைய பேர் மறந்துவிடுவார்கள் என்றார்.

குழாயின் உள்சுவரில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. பெரியவர்தான் விரலால் தடவிக் காட்டினார். கொக்கிக் கம்பி போட்ட கீறல். பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கும், துரு உதிர்ந்து டேங்க்குக்குப் போகும், அடிக்கடி பார்த்துக்கொள் என்றார்.

அந்த முதல் பட்டறை என்னிடம் பணமும் வாங்கியிருக்கிறது. ரசீதில் "செக்கிங்" என்று எழுதியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்ததற்கும், கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரியாத ஆழத்துக்குத் தள்ளியதற்கும், இரும்பைக் கீறியதற்கும் சேர்த்து ஒரே வரி. அந்தக் கீறலைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பி, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. நாளைக்குக் காய்கறி இறக்கிவிட்டு நேரே அங்கேதான் போகிறேன்.