முதல்ல மருந்தாம், அப்புறம்தான் டேப்லெட்டாம்!

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே பாடம் படிக்க டேப்லெட் (மாத்திரை இல்லை, தொடுதிரைக் கருவி) வாங்கித் தர உதவுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியவர்களுக்கு நன்றி, போதும், நிறுத்திக்கொள்ளுங்கள். "உயிருக்குப் போராடுற குழந்தைக்கு டேப்லெட் எதுக்குங்க? முதல்ல மருந்து வாங்கிக் குடுங்க." இதற்கு ஹார்ட் போட்டவர்களில் பாதிப்பேர் என் நட்பு வட்டம். அதுதான் உறுத்துகிறது.

மருந்துக்கான நிதி வேறு, இது வேறு என்று பதிவின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அதை யார் படிக்கிறார்கள்!

அண்ணே, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிழைக்கப்போகிறவர்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில், நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மீண்டு வருகிறார்கள். ஆனால் சிகிச்சை 2, 3 வருஷம் இழுக்கும். சிறுநீரகம் கைவிட்ட பிள்ளைக்கு வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் போல டயாலிசிஸ். எலும்பு மஜ்ஜை மாற்றினால் வாரக்கணக்கில் தனி அறை. வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் பள்ளிக்கூடப் பக்கம் போக முடியாது. மூன்றாம் வகுப்பில் படுத்த பிள்ளை எழுந்து வரும்போது கூடப் படித்தவர்கள் ஆறாம் வகுப்பில் இருப்பார்கள். அன்றைக்கு அதை எங்கே உட்கார வைப்பீர்கள்? ஹார்ட் போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

"புத்தகம் கொடுக்கலாமே, கண் கெடாதே" என்று ஒரு அக்கா. கண்ணைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்கிறது, சந்தோஷம். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு இறங்கிக் கிடக்கிற பிள்ளைகளின் வார்டில், பல கை மாறிய புத்தகத்தை எதைக் கொண்டு துடைப்பீர்கள்? கண்ணாடித் திரையை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிடலாம். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏறும் பிள்ளைகள் சிலருக்கு விரல் மரத்துப்போய் பென்சிலே நிற்காது. தட்டி எழுத வேண்டும், இல்லை பேசி எழுத வேண்டும்.

நான் பார்த்த ஒரு பெண் குழந்தை. வலது கையில் ஊசி, அசையக் கூடாதென்று அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். வீடியோ காலில் அவள் வகுப்பு. அந்தப் பக்கம் டீச்சர் தன் போனைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். பிள்ளைகள் எல்லாம் கையாட்டினார்கள். இவள் ஆட்டவில்லை. "மிஸ், ரெண்டாவது வரியில மிச்சம் ஒண்ணைக் கூட்டவே இல்ல" என்றாள். அதற்குள் மருந்து ஏற்றும் பம்ப் கீச்கீச்சென்று கத்த ஆரம்பிக்க, அங்கே யாரோ என்ன சத்தம் என்று கேட்டார்கள். "என் மருந்து தீர்ந்துபோச்சு, நீங்க கணக்கைப் போடுங்க" என்று அதட்டினாள். இந்தக் குழந்தைக்குத்தான் வகுப்பு ஆடம்பரம் என்கிறீர்கள்.

அன்றைக்கும் வகுப்பு பாதியில் நின்றது. இவள் பார்த்துக்கொண்டிருந்தது சித்தியின் போனில், சார்ஜ் இல்லை. கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்ட் எல்லாவற்றிலும் பம்ப்பும் மானிட்டரும். நீங்கள் கிண்டலடித்த பவர் பேங்க், நீள ஒயர், கட்டிலில் மாட்டும் ஸ்டாண்ட் எல்லாம் பட்டியலில் ஏறியது இதனால்தான்.

அரசாங்கம் செய்ய வேண்டியது என்கிறீர்களா? முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-ல் வந்தது. கல்வி உரிமை அதில் 28-வது பிரிவு. ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த உரிமை போய்விடும் என்று எங்கேயும் இல்லை. செய்யட்டும். செய்கிற வரைக்கும் பிள்ளை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டுமா?

பழைய லேப்டாப் தருகிறேன் என்று வந்தவர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். பாதிக்கு பேட்டரி இல்லை. ஒன்றுக்கு மூடியே இல்லை. வீட்டைக் காலி பண்ண நாங்கள்தான் கிடைத்தோமா?

இப்போது, டேப்லெட் வாங்கும் பிள்ளையின் போட்டோவைப் போடச் சொல்கிற விவகாரம். நார்வேக்காரர்கள் ஏவி1 என்று ஒரு சின்ன ரோபோ செய்திருக்கிறார்கள். அது வகுப்பில் பிள்ளையின் இடத்தில் உட்காரும், பிள்ளை படுக்கையிலிருந்து அதன் கண் வழியாகப் பாடம் பார்க்கும், பதில் தெரிந்தால் அதன் தலையில் விளக்கு மின்னும். பிள்ளையின் முகம் மட்டும் வகுப்பில் யாருக்கும் தெரியாது. முடி கொட்டி, ஸ்டீராய்டில் முகம் ஊதிய பிள்ளைக்கு எது வேண்டும் என்று அந்த மெஷின் செய்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது. இங்கே ஆயிரம் பேர் பார்க்க, டேப்லெட்டைக் கையில் பிடித்துச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ வேண்டுமாம். "கொடுத்தவனுக்கு ஒரு நம்பிக்கை வேணாமா?" என்கிறார்கள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வாந்தி எடுக்கும்போது படம் எடுத்துப் போடுவீர்களா? கடுமையாக இருந்தால் இருக்கட்டும். இத்தனை நாள் மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பில் உண்டு, ரசீது உண்டு, எந்த வார்டில் எத்தனை கருவி என்ற கணக்கும் உண்டு. போட்டோ கிடையாது. போட்டோ இல்லாமல் தர மனசில்லாதவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், போட்ட தொகை அப்படியே திரும்பி வரும்.

மற்றவர்களுக்கு: டேப்லெட் ஓரளவு சேர்ந்துவிட்டது, ஹெட்போன்தான் குறைகிறது. துணி வைத்தது வேண்டாம், துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.