‘ஆலோசனை சொல்லாத ஆலோசகர்’ எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் நான்கு நாட்களாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காணொளித் துண்டு உங்களில் பலருக்கு வந்திருக்கும். வராதவர்களுக்கும் யாராவது நல்ல மனதுக்காரர் அனுப்பிவைப்பார். நான் தொழிலில் ‘கோச்’, அதாவது கேள்விகள் கேட்டு, வருபவரே தன் பதிலைக் கண்டுபிடிக்க உதவுபவன். அன்று மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்தவர் என்னைக் காட்டிச் சொன்னது: “இவரும் ஆலோசகர்தான், ஆனால் ஆலோசனை மட்டும் சொல்லமாட்டார். நாம் ஒன்று கேட்டால் இவர் திருப்பி ஒன்று கேட்பார். கடைசியில் பணம் மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும்.” அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், காணொளியில் தெளிவாகவே தெரிகிறது. மேடையில் உட்கார வைக்கப்பட்டவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

நகைச்சுவை மீது எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உண்மையில் உறுத்தியது அதற்குக் கீழே வந்த கருத்துகள். “கேள்வி கேட்பதற்கு ஒரு கட்டணமா?” என்றார் ஒருவர். “என் நான்கு வயது மகளும் நாள் முழுக்கக் கேள்விதான் கேட்கிறாள், அவளும் கோச்தானா?” என்றார் இன்னொருவர். (இது நன்றாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.) மூன்றாமவர், என் நட்புப் பட்டியலில் ஏழு ஆண்டுகளாக இருப்பவர், “கன்சல்டன்ட் ஆக முடியாதவர்கள்தான் கோச் ஆகிறார்கள்” என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

ஐயா, நான் பதினான்கு ஆண்டுகள் கன்சல்டன்டாக இருந்தவன். அதனால்தான் இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

கன்சல்டன்டை அழைப்பவர் ஒரு பிரச்சினையை அவரிடம் ஒப்படைக்கிறார். கன்சல்டன்ட் வந்து கணக்குகளைப் புரட்டுவார், ஆட்களிடம் பேசுவார், இதே நோயை வேறு பத்து இடங்களில் பார்த்த பழக்கத்தில் இதைச் செய்யுங்கள், அதை நிறுத்துங்கள் என்று எழுதித் தருவார். பதில் அவருடையது. தவறிப்போனால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். கோச்சிடம் வருபவர் எதையும் ஒப்படைப்பதில்லை. முடிவெடுக்கப் போவது அவர், அதோடு வாழப் போவதும் அவர். எனவே பதில் அவருடையதாகத்தான் இருக்க முடியும். நம் வீடுகளில் திட்டுவதற்கென்றே ஒரு வசனம் உண்டே: “சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை.” இரண்டும் வெவ்வேறு சரக்கு என்று திட்டுகிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கன்சல்டன்ட் விற்பது சொல்புத்தி. கோச் செய்வது சுயபுத்தியின் மேல் படிந்த தூசியைத் தட்டுவது. ஒன்று கிடைக்கும் இடத்துக்கு வந்து மற்றது கிடைக்கவில்லை என்று அழுதால் நான் என்ன செய்வது?

சொல்புத்தியைக் குறைத்துப் பேசவில்லை. அதில்தான் பதினான்கு ஆண்டுகள் சாப்பிட்டேன். வரிச் சட்டத்தில் சிக்கிக்கொண்டவர் என்னிடம் வந்தால், “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், வரி தெரிந்தவரிடம் ஓடச் சொல்வேன். பழைய காயத்தில் இருந்து மீள முடியாமல் தூக்கம் கெட்டு வருபவரை உளவியல் சிகிச்சையாளரிடம் அனுப்புவேன். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன், எழுத்திலும் தருகிறேன். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கன்சல்டிங்கை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஒரு நிறுவனத்துக்கு ஐந்து மாதம் உழைத்து 140 பக்க அறிக்கை கொடுத்தோம். என் வாழ்நாளின் சிறந்த வேலை என்று இன்றும் நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு காரியமாக அதே அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் அறிக்கை ஒரு மேலாளரின் மேசை மீது இருந்தது. மகிழ்ச்சியோடு கிட்டே போனேன். அதன் மேல் கணினித் திரை நின்றுகொண்டிருந்தது. திரை கண் மட்டத்துக்கு வருவதற்குச் சரியான தடிமன் போலிருக்கிறது. அட்டையில் தேநீர்க் குவளை வைத்த வட்டங்கள் நான்கைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக. அந்த மேலாளர் நல்லவர். “உங்கள் அறிக்கையில் சொன்னது எல்லாம் சரி சார், ஆனால் அது உங்கள் அறிக்கைதானே” என்றார். அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. அது உங்கள் அறிக்கைதானே. வீடு திரும்பும் வழி முழுக்க அந்த ஒரு வரிதான் ஓடியது.

உடனே ஒருவர் வருவார்: “விளையாட்டில் கோச் மைதான ஓரத்தில் நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கிறாரே, நீங்கள் மட்டும் ஏன் மௌனச் சாமியார்?” நல்ல கேள்வி. விடையும் மைதானத்தில்தான் இருக்கிறது. திமோத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர், மணிக்கட்டை இப்படி வை, தோளை அப்படித் திருப்பு என்று சொல்லச் சொல்ல ஆடுபவர்கள் இறுகிப்போவதைக் கவனித்தார். அதனால் திருத்துவதைக் குறைத்தார். பந்து தரையில் பட்டதும் “பட்டது” என்றும், மட்டையில் பட்டதும் “அடித்தேன்” என்றும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார், அவ்வளவுதான். கவனம் பந்தின் மேல் போனதும் கை தானாகத் திருந்தியது. 1974இல் அவர் இதைப் புத்தகமாக எழுதினார். இதை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். 1965இல் ஐரோப்பியக் கார் பந்தயப் பட்டம் வென்றவர், சாமியார் அல்ல. இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறாய் என்ற நான்கு படிக் கேள்விமுறை அவரும் அவருடைய கூட்டாளிகளும் பரப்பியதுதான். நான்கும் கேள்விகள். பதில் ஒன்றுகூட கோச்சின் பங்கு இல்லை.

‘கோச்’ என்ற சொல்லின் கதையைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்த நண்பருக்கும் இங்கேயே பதில். ஆமாம், ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டியில் இருந்து வந்த பெயர். ஆமாம், 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தங்களைத் தேர்வில் கரைசேர்க்கும் ஆசிரியரை அப்படிக் கேலியாக அழைத்தார்கள். அந்த ஆசிரியர்கள் பதிலைப் புகட்டியவர்கள், எனவே வரலாறு எனக்கு அவ்வளவு சாதகமில்லை. ஆனால் வண்டி சாதகம். எங்கே போக வேண்டும் என்று வண்டியில் ஏறியவர்தானே சொல்கிறார்?

இப்போது அந்த நான்கு வயதுக் குழந்தை. அவள் கேட்பது அவளுக்குத் தெரிந்துகொள்ள. நான் கேட்கும் கேள்விக்கான பதில் எனக்குத் தேவையே இல்லை. அது சொல்கிறவரின் காதில் விழ வேண்டும். ஓர் உதாரணம், அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். பதவி உயர்வு வந்திருக்கிறது, ஏற்பதா வேண்டாமா என்று ஒருவர் வந்தார். பத்து நிமிடம் பேசினார். எனக்குள் இருந்த பழைய கன்சல்டன்டுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இடப்பக்கம் சாதகம், வலப்பக்கம் பாதகம் என்று ஒரு கட்டம் போட்டால் கால் மணியில் வேலை முடிந்தது. அடக்கிக்கொண்டேன். “இந்தப் பத்து நிமிடத்தில் ஐந்து முறை ‘அவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்றீர்கள். யார் அவர்கள்?” என்று மட்டும் கேட்டேன். அவர் எதிரில் இருந்த தண்ணீர் பாட்டிலின் காகிதத்தை ஓர் ஓரத்தில் நகத்தால் கிளப்பினார். மெதுவாக முழுவதும் உரித்தார். உரித்ததைச் சுருட்டித் திரி போல ஆக்கினார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று “கேள்விக்குக் கட்டணமா” கேட்டவர் ஒரு முறை முயன்று பார்க்கலாம். கடைசியில் தலை நிமிராமலே, “என் அண்ணன்” என்றார்.

நான் போடும் எந்தக் கட்டத்தில் “அண்ணன்” என்று ஒரு வரிசை இருந்திருக்கும்?

பதவியை ஏற்றாரா என்று கேட்காதீர்கள். அது அவருடைய முடிவு.

எல்லாம் இப்படியே நடந்தது என்று சொல்லவில்லை. தொடக்க நாட்களில் ஒருவரிடம், “இதை நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொண்டால் என்ன?” என்று கேட்டேன். கேள்விக்குறி போட்டிருந்தேனே தவிர அது வேடம் கட்டிய ஆலோசனை. அவர் போய்ப் பேசினார், உறவு முறிந்தது. திரும்பி வந்து, “நீங்கள்தானே சொன்னீர்கள்” என்றார். நான் சொல்லவில்லை, கேட்டேன் என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து “செய்தால் என்ன” என்று முடியும் கேள்வியை நான் கேட்பதில்லை.

“இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்கள் எல்லாம் கோச் என்று பலகை மாட்டுகிறார்களே?” மாட்டுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய? கன்சல்டன்ட் பலகை மாட்ட மட்டும் எந்தத் தேர்வு எழுதினார்களாம்? இந்தத் துறையிலும் முறை என்று ஒன்று உண்டு. 1995இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு, முதல் நிலைச் சான்றுக்கே 100 மணி நேர அனுபவம் கேட்கிறது. உச்ச நிலைக்கு 2,500 மணி நேரம். என்னிடம் அந்தச் சான்று இருக்கிறது என்று நான் எங்கும் தம்பட்டம் அடித்ததில்லை. அடித்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

படித்தவர் ஒருவர் எட்கர் ஷைன் என்ற அமெரிக்க மேலாண்மை அறிஞரைக் கொண்டுவந்து நிறுத்தினார். தீர்வைக் கையில் கொடுக்காமல், வாடிக்கையாளரே தன் சிக்கலைக் கண்டறிய உதவும் கன்சல்டிங் முறையை ஷைன் 1969லேயே விரிவாக எழுதிவிட்டார், எனவே கன்சல்டன்டுக்கும் கோச்சுக்கும் நடுவே நீங்கள் போடும் கோடு செல்லாது என்கிறார். உண்மைதான், கோடு அங்கே மங்குகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்கள் ஷைனைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தெரியாதவர் சிரித்தால் போகட்டும். ஒலிவாங்கியைப் பிடித்தவர் தெரிந்தவர். நான் வேலையை விட்டபோது முதலில் வாழ்த்தியவர் அவர். இத்தனை ஆண்டுகளில் நான் என்ன செய்கிறேன் என்று ஒரு முறை கேட்டிருக்கலாம், பொறுமையாகச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. என் மனைவி அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, “நீங்களும் சிரித்திருக்கிறீர்களே” என்றாள். அவள் எதற்காகச் சொன்னாளோ, எனக்கு அது சுருக்கென்றது.

கன்சல்டன்டாக இருந்தபோது செய்த வேலையைக் காட்ட அறிக்கை இருந்தது. தேநீர்க் கறையோடாவது இருந்தது. இப்போது காட்ட ஒன்றுமில்லை. ஒருவர் என்னிடம் வந்தார் என்பதையே அவர் சம்மதமில்லாமல் நான் சொல்லக்கூடாது. அன்று சிரித்த அரங்கில் என்னிடம் வந்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டு நேற்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். மூன்றாவது வரிசையில்... வேண்டாம். அந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன். இருந்தார்கள் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். இருபத்து மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள்.