பாட்டு என்னுடையது, பெட்டி என்னுடையது, பூட்டு மட்டும் ஆருடையது?

மூன்று நாளாக விசர் பிடித்துப்போய்த் திரிகிறேன், காரணம் உள்ளங்கை அளவான ஒரு பெட்டி. பெட்டியில் பிழை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லாரும் அதைத்தான் முதலில் குற்றம் சொல்கிறார்கள். 2009 இல் கொழும்பில் வாங்கிய ஐபொட் பாட்டுப் பிளேயர், உள்ளே ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற பழைய இனம், முப்பது ஊசி (பின்) வைத்த அகலமான வயர், பட்டரி ஒருமுறை மாற்றியாயிற்று. இன்றைக்கும் பிளே அமத்தினால் பாடும். குழம்பியது அதற்குப் பாட்டு ஏற்றுகிற, லப்டொப்பில் இருக்கிற ஐடியூன்ஸ் சொஃப்ட்வேர், அதுவும் நான் கேட்காமலே அப்டேட் ஆகிக்கொண்ட சொஃப்ட்வேர்.

இரவு 12 மணிக்குப் பிறகு வருகிற டேட்டாவில் படம் ஏதாவது இறக்கலாம் என்று லப்டொப்பைப் போட்டபடி படுத்துவிட்டேன். அந்தச் சொஃப்ட்வேர் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு அப்டேட்டுக்கென்று 200 எம்பிக்கு மேல் இழுத்துவைத்திருக்கிறது. பிளேயரில் நான் ஏற்ற நினைத்ததோ ஆறு பாட்டு, 40 எம்பி கூட வராது. விடிய எழும்பி வயரைக் குத்தினால் சார்ஜ் ஏறுகிறது, விண்டோஸில் டிரைவாகத் தெரிகிறது, எவ்வளவு இடம் மிச்சம் என்று கூடக் காட்டுகிறது. சொஃப்ட்வேரைத் திறந்தால் மட்டும் அப்படி ஒரு சாமானே உலகத்தில் இல்லை.

சரி என்று டவுனுக்குப் போய் ஒரு போன் கடையில் காட்டினேன். "அண்ணா, வயர் போயிட்டு." வயர் போனால் சார்ஜ் எப்படித் தம்பி ஏறும்? "அப்ப உப்புக்காத்து, பின் எல்லாம் கறள்." எங்கள் ஊரில் எது பழுதானாலும் பழி உப்புக்காற்றுக்குத்தான், திருகோணமலைக் கடலோரம் உப்புவெளியில் வீட்டை வைத்துக்கொண்டு நான் அதை மறுத்துப் பேசவும் முடியாது. வீட்டுக்கு வந்து பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு பின்னாகத் தேய்த்தேன். பளபள என்று வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அமத்திப் பிடித்து ரீசெட் பண்ணினேன். லோகோ வந்த கையோடு நடுவையும் பிளேயையும் பிடித்து, வெறும் டிஸ்க்காக நிற்கிற டிஸ்க் மோட்டுக்கும் கொண்டுபோனேன். பிளேயர் சொன்னதெல்லாம் கேட்டது, பாவம். லப்டொப் பக்கம் சேர்விசஸ் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. பிளேயரோடு கதைப்பதற்கென்றே பின்னால் ஓடுகிற ஒரு சின்ன சேவை செத்துக் கிடக்கிறது. ஸ்டார்ட் கொடுத்தால் எழும்புகிறது, அரை நிமிடத்தில் மறுபடி படுத்துக்கொள்கிறது. டிரைவாகத் தெரிவதற்கு அந்தச் சேவை தேவையில்லை, பாட்டு ஏற்றுவதற்குத்தான் தேவை.

மச்சான் கேட்டான், டிரைவாகத் தெரிந்தால் பாட்டை இழுத்துப் போட வேண்டியதுதானே என்று. சாதாரண எம்பி3 பிளேயர் என்றால் அப்படித்தான், ஃபோல்டரில் போட்டால் பாடும். இது அப்படி இல்லையடா. மறைத்து வைத்த ஒரு ஃபோல்டருக்குள் F00, F01 என்று வரிசையாகப் பெட்டகங்கள், அதற்குள் பாட்டெல்லாம் நாலே நாலு எழுத்துப் பெயரில், ஒன்றுக்கும் அர்த்தம் கிடையாது. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற கணக்கு ஒரு தனி டேட்டாபேஸ் கோப்பில். அந்தக் கணக்கில் பெயர் ஏறாத பாட்டு உள்ளே இருந்தாலும் பிளேயர் கண்ணுக்குப் படாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கும். கணக்கை எழுதுகிற பேனை அந்தச் சொஃப்ட்வேரின் கையில். நான் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் என்னுடைய பாட்டை வைக்க நான் ஏன் இன்னொருவனிடம் கும்பிட்டு நிற்க வேண்டும்?

இதற்குள் திரையில் ஒரு புத்திமதி: ரிஸ்டோர் பண்ணுங்கள், சரியாகிவிடும். கடைத் தம்பியும் அதைத்தான் சொன்னான், "ரிஸ்டோர் அடிச்சுப் பாப்பமா அண்ணா?" என்று. ரிஸ்டோர் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். அப்பா கசெட்டில் பாடிவைத்த தேவாரம் இருபத்தொன்று அதற்குள் இருக்கிறது. கசெட் பூஞ்சணம் பிடித்துப் போயிற்று, கசெட்டிலிருந்து மாற்றிய கொம்பியூட்டர் அதற்கு முதலே போயிற்று, மனிதரும் போய்விட்டார். ஒரு பதிவில் நடுவே பால்காரனின் சைக்கிள் மணி கேட்கும், அப்பா ஒரு நொடி நிறுத்திவிட்டு அடுத்த அடியை எடுப்பார். அதை அழித்துவிட்டுப் பார்ப்போமாம்!

போனில் கேளடா, இந்தக் காலத்தில் ஆர் பிளேயர் வைத்திருக்கிறான் என்கிறவர்கள் ஒருமுறை என்னோடு கொழும்பு இரவு மெயில் ரயிலில் வந்து பார்க்கட்டும். கந்தளாய் தாண்டி, கல்லோயாச் சந்திக்கு முன் காடு வந்ததும் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். என் பெட்டி பாடிக்கொண்டே வரும்.

கடைசியில் நானேதான் செய்தேன். முதலில் மறைவுக் கோப்புகளைக் காட்டச் சொல்லி, அந்த ஃபோல்டரை முழுதாக வேறு டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணினேன், அதுவே ஒரு பின்னேரம் போயிற்று. பிறகு சொஃப்ட்வேரையும் அதோடு வந்த துணைகள் நாலைந்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, லப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு பழைய பென் டிரைவில் கிடந்த முந்தைய பதிப்பைப் போட்டேன். அது திறக்க மாட்டேன் என்றது! லப்டொப்பில் பாட்டுப் பட்டியலை வைத்திருக்கிற லைப்ரரிக் கோப்பு புதிய பதிப்பில் எழுதப்பட்டதாம், தனக்கு வாசிக்கத் தெரியாதாம். நல்ல காலம், அப்டேட்டுக்கு முன் எடுத்த லைப்ரரிப் பிரதி ஒன்று பக்கத்து ஃபோல்டரில் திகதியோடு கிடந்தது. அதை எடுத்து இந்த இடத்தில் வைத்த பிறகுதான், இரவு பத்தரைக்கு, பிளேயரின் படம் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. ஆறு பாட்டும் ஏற ஒரு நிமிடம் எடுக்கவில்லை.

நேற்றுக் காலை சொஃப்ட்வேரைத் திறந்தேன், நடுத்திரையில் ஒரு கேள்விக் கட்டம்: புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போது போடவா, பிறகு நினைவூட்டவா? இன்று காலையும் அதே கேள்வி. "வேண்டாம்" என்று ஒரு பொத்தானைத் தேடினேன், அப்படி ஒன்று வைக்கவே இல்லை.